எட்டே முக்கால் லட்சம் டாலர்

2025 பேஸ்பால் சீசனுக்கு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸ் வாங்கிய சம்பளம் 8,75,000 டாலர். அதே சீசனில், மேஜர் லீக் பேஸ்பாலின் இரண்டு லீகில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருதும் அவருக்கே கிடைத்தது. வாக்களித்த 30 பேரும் அவர் பெயரைத்தான் முதலிடத்தில் எழுதினார்கள். 32 ஆட்டங்களைத் தொடங்கி 216 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். ஈ.ஆர்.ஏ. 1.97. அதாவது ஃபீல்டர்களின் தவறால் வந்த ரன்களைக் கழித்தால், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ரன்கூட விட்டுக்கொடுக்கவில்லை. சீசன் முழுக்க வீசிய பிட்சர்களில், இரண்டு லீகையும் சேர்த்துப் பார்த்தாலும், அவரைவிடக் குறைவாகக் கொடுத்தவர் யாரும் இல்லை. ஆனால் அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு 10-10.

அந்தப் பத்துத் தோல்விகள் எங்கிருந்து வந்தன என்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அணி மொத்தமும் சேர்ந்து ஒரு சீசன் முழுக்க அடித்த ஹோம் ரன் 117. முப்பது அணிகளில் கடைசி. ரன் எடுத்ததிலும் கடைசி. 71 வெற்றி, 91 தோல்வி என்று எங்கள் ஐந்து அணிப் பிரிவிலும் கடைசி. நாட்டின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை வந்து தன் வேலையைக் குறைவில்லாமல் செய்துவிட்டுப் போகிறார். அவருக்காக இரண்டு ரன் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. இதைப் பல வருடமாக வேறு வேறு முகங்களோடு பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகன் என்ற முறையில், அணிகள் பணம் செலவழிப்பது பற்றியும் அந்தப் பணத்துக்கு வீரர்கள் ஆடுகிறார்களா என்பது பற்றியும் எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மறுபக்கத்தைப் பார்த்துவிடலாம். நியூயார்க் மெட்ஸ் 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவை 15 வருடத்துக்கு 765 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தது. வருடத்துக்குச் சராசரி 51 மில்லியன். 162 ஆட்டத்தால் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. ஸ்கீன்ஸின் ஒரு வருடச் சம்பளத்தை சோட்டோ மூன்றே ஆட்டங்களில் தாண்டிவிடுவார். இளம் வீரர்களுக்கென்று எல்லா அணிகளும் சேர்ந்து போடும் பொது நிதியிலிருந்து ஸ்கீன்ஸுக்குச் சுமார் 3.4 மில்லியன் போனஸ் வந்தது உண்மைதான். அது ஓனர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான தொழிலாளர் ஒப்பந்தம் கொடுத்தது, பைரேட்ஸ் மனமுவந்து கொடுத்தது அல்ல.

சோட்டோ மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை. 43 ஹோம் ரன் அடித்தார், 127 வாக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) எடுத்தார், யாரும் எதிர்பாராதபடி 38 பேஸ் திருடினார் (பிட்சர் வீசும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). திருடிய பேஸ் கணக்கில் நேஷனல் லீகில் அதுதான் அதிகபட்சம். அதே 38-ஐ எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இன்னொருவர் எங்கள் ஒனீல் குரூஸ். அவருடைய சம்பளம் லீகின் குறைந்தபட்சமான 7,60,000 டாலரை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் குரூஸின் பேட்டிங் சராசரி .200, அதாவது ஐந்து முறைக்கு ஒரு ஹிட். ஓடுவதில் சோட்டோவுக்குச் சமம், அடிப்பதில் அருகில்கூட நிற்க முடியாது.

மெட்ஸ் ஜெயித்ததா என்றால் அதுவும் இல்லை. ஜூன் 12 அன்று 45-24 என்று மொத்த பேஸ்பாலிலும் முதலிடத்தில் இருந்த அணி, அதற்குப் பிறகு சரிந்து சரிந்து 83-79-இல் வந்து நின்றது. கடைசி நாள் மயாமியில் 4-0 என்று தோற்று, அதே 83 வெற்றி எடுத்திருந்த சின்சினாட்டிக்கு ப்ளேஆஃப் (சீசனுக்குப் பின் நடக்கும் கோப்பைச் சுற்று) இடத்தைப் பறிகொடுத்தது. 2023-இல் நடந்தது இதைவிட மோசம். ஓனர் ஸ்டீவ் கோஹன் அந்த வருடம் லக்சுரி டாக்ஸாக (சம்பளச் செலவு ஓர் அளவைத் தாண்டினால் அணி கட்டும் அபராத வரி) மட்டும் 100 மில்லியனுக்கு மேல் கட்டினார். கிடைத்தது 75 வெற்றி. வருடத்துக்கு 43 மில்லியன் என்று கூட்டிவந்த மாக்ஸ் ஷெர்ஸரையும் ஜஸ்டின் வெர்லாண்டரையும் பாதி சீசனில், அவர்கள் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தானே கட்டிக்கொண்டு, வேறு அணிகளுக்கு அனுப்பிவைத்தார்.

இந்த உதாரணங்களைத்தான் பைரேட்ஸ் நிர்வாகத்துக்குப் பரிந்து பேசுகிறவர்கள் எப்போதும் தூக்கிக்கொண்டு வருவார்கள். ‘பார்த்தாயா, பணத்தைக் கொட்டினால் மட்டும் ஜெயிக்க முடியாது’ என்பார்கள். கூடவே மில்வாக்கி அணியையும் இழுப்பார்கள். பிட்ஸ்பர்க்கைவிடச் சிறிய சந்தை, எங்களுடைய அதே பிரிவு. 2025-இல் 97 வெற்றி, மொத்த லீகிலும் முதலிடம். சம்பளப் பட்டியலோ லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் கொடுப்பதில் பாதிகூட வராது.

மில்வாக்கி ஒரு நல்ல பாடம்தான், அதை மறுக்கவில்லை. குவின் ப்ரீஸ்டர் என்ற பிட்சரை பைரேட்ஸ் 2019-இல், இளம் வீரர்களை அணிகள் எடுக்கும் டிராஃப்ட்டின் முதல் சுற்றில் தேர்ந்தெடுத்தது. பல வருடம் வைத்திருந்தும் அவரைத் தேற்றத் தெரியாமல் 2024-இல் பாஸ்டனுக்கு அனுப்பியது. 2025 ஏப்ரலில் மில்வாக்கி அவரை வாங்கியது. அங்கே போய் 13-3 என்று முடித்தார். அதே கை, அதே பந்து. சொல்லிக்கொடுத்தவர்கள் வேறு. இந்த இடத்தில் பணத்தைக் காரணம் காட்ட முடியாது. அறிவும் உழைப்பும் எங்கள் அணியில் இல்லாமல் போனதற்கு ஓனரின் கஞ்சத்தனம் மட்டும் பொறுப்பல்ல.

ஆனால் அதே மில்வாக்கிக்கு அக்டோபரில் என்ன ஆனது? ப்ளேஆஃபில் டாட்ஜர்ஸுக்கு எதிராக நான்கு ஆட்டம் ஆடி, ஓர் ஆட்டத்துக்கு ஒரு ரன் வீதம் நான்கே ரன் எடுத்து, நான்கிலும் தோற்றது. கடைசி ஆட்டத்தில் ஷோஹெய் ஒஹ்தானி ஆறு இன்னிங்ஸுக்கு ரன் கொடுக்காமல் பத்து பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, பேட்டையும் எடுத்து மூன்று ஹோம் ரன் அடித்தார். 700 மில்லியன் காண்ட்ராக்ட். அன்றைக்கு அது மலிவாகத் தெரிந்தது.

பணம் எதை வாங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒஹ்தானியைப் பார்ப்பதைவிட டாட்ஜர்ஸின் தோல்விகளைப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி. 2025-க்கு முன்பு அவர்கள் டானர் ஸ்காட் என்ற ரிலீவரை (ஆட்டத்தின் நடுவிலோ கடைசியிலோ வந்து வீசும் பிட்சர்) 4 வருடத்துக்கு 72 மில்லியன் கொடுத்து எடுத்தார்கள். ஈ.ஆர்.ஏ. 4.74. கையில் இருந்த ஆட்டத்தைப் பத்து முறை கோட்டைவிட்டார். மைக்கேல் கன்ஃபோர்ட்டோவுக்கு ஒரு வருடத்துக்கு 17 மில்லியன். அவர் அடித்த சராசரி .199. ப்ளேஆஃப் அணியில் அவருக்கு இடமே கொடுக்கவில்லை. ஸ்காட்டும் அக்டோபரில் ஒரு பந்துகூட வீசவில்லை. அவர் விட்ட இடத்தில் ரோக்கி ஸசாக்கி வந்து கடைசி இன்னிங்ஸ்களை முடித்துக் கொடுத்தார். இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், ஒரு ரன் பின்தங்கி இருந்தபோது சமன் செய்த ஹோம் ரன்னை அடித்தவர் மிகெல் ரோஹாஸ். வயது 36, சம்பளம் 5 மில்லியன். டாட்ஜர்ஸ் கோப்பையோடு வீட்டுக்குப் போனது.

ஸ்காட், கன்ஃபோர்ட்டோ இருவருக்கும் கொடுத்த காசு வீண். ஆனாலும் அணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பணம் வெற்றியை வாங்கித் தருவதில்லை, ஒரு தவறுக்குப் பிறகு இன்னொரு வாய்ப்பை வாங்கித் தருகிறது. பெரிய அணி ஒரு தேர்வில் சறுக்கினால் அடுத்த ஆளை எடுக்கிறது. எங்கள் மாதிரி அணி ஒரு தேர்வில் சறுக்கினால் அதோடு மூன்று வருடம் போய்விடுகிறது. போதாததற்கு, ‘செலவழித்துப் பார்த்தோம், பலிக்கவில்லை’ என்று அதே தவறை இனிமேல் செலவழிக்காமல் இருப்பதற்குச் சாக்காக வைத்துக்கொள்கிறார்கள்.

பைரேட்ஸ் வரலாற்றில் ஒரு ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு (ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடிய வீரர்) கொடுத்த மிகப் பெரிய காண்ட்ராக்ட் 2014 டிசம்பரில் பிட்சர் ஃப்ரான்சிஸ்கோ லிரியானோவுக்குக் கொடுத்தது. 3 வருடம், 39 மில்லியன். முதல் வருடம் நன்றாக வீசினார், அணி 98 ஆட்டம் ஜெயித்தது. இரண்டாம் வருடம் தடுமாறினார். பெரிய அணியாக இருந்தால் ‘சரி, அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்றிருக்கும். பைரேட்ஸ் என்ன செய்தது? மிச்சமிருந்த சம்பளத்தைத் தலையிலிருந்து இறக்குவதற்காக, ரீஸ் மக்வயர், ஹெரால்ட் ராமிரெஸ் என்ற இரண்டு இளம் வீரர்களையும் கூடச் சேர்த்து டொரான்டோவிடம் ஒப்படைத்தது. காசு மிச்சம் பிடிக்க எதிர்காலத்தை விலையாகக் கொடுத்தார்கள். அந்த ட்ரேடை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அதற்கும் முன்னால் 2000 நவம்பரில், ஃப்ரீ ஏஜென்ட் ஆகாமல் அணியிலேயே இருந்த ஜேசன் கெண்டாலுக்கு 6 வருடம் 60 மில்லியன் கொடுத்தார்கள். அடுத்த வருடம் கட்டைவிரல் காயத்தோடு ஆடி, சராசரி .266-க்கு இறங்கியது. பிறகு மீண்டுவந்து .325, .319 என்று அடித்தார். ஆனாலும் ‘கெண்டால் காண்ட்ராக்ட்’ என்றாலே இந்த ஊரில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த 60 மில்லியனைத் தாண்டி ஒரு வீரருக்குக் கையெழுத்துப் போட இந்த அணிக்கு 2022 வரை ஆனது. இருபது வருடத்துக்கு மேல். இடையில் பேஸ்பாலின் வருமானம் எத்தனை மடங்கு ஏறியிருக்கும்!

2022-இல் அப்படிக் கையெழுத்தானவர் கிபிரையன் ஹேய்ஸ். 8 வருடம், 70 மில்லியன். மூன்றாவது பேஸில் அவர் நிற்கும் அழகை நேரில் பார்க்க வேண்டும். 2025 சீசனில் ஸ்கீன்ஸ் வீசிய ஒரு மாலை ஆட்டத்துக்கு, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மதுரைத் தம்பி ஒருவரைக் கூட்டிப்போயிருந்தேன். பேட்டில் பட்டும் படாமலும் பந்து மூன்றாவது பேஸ் கோட்டை ஒட்டி மெதுவாக உருண்டது. ஹேய்ஸ் முன்னால் பாய்ந்து வந்து, கையுறையைத் தொடாமலே வெறுங்கையால் பந்தை அள்ளி, உடம்பு சாய்ந்திருக்கும்போதே முதல் பேஸுக்கு எறிந்தார். ஆள் அரையடி வித்தியாசத்தில் அவுட். பிட்சர் மேட்டில் ஸ்கீன்ஸ் கையுறையை உயர்த்தி அவரைக் காட்டினார். எங்கள் பகுதி முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்த இன்னிங்ஸில் ஹேய்ஸ் அடிக்க வந்தார். இரண்டாவது பேஸ் பக்கம் ஒரு சாதாரண கிரவுண்டர். அவுட். சற்று முன் கைதட்டிய அதே கூட்டத்திலிருந்து கூச்சல் கிளம்பியது. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்தவர் 70 மில்லியன், 70 மில்லியன் என்று தொண்டை கிழியக் கத்தினார்.

தம்பி என் பக்கம் திரும்பி, “அண்ணா, இவர் அடிக்கலைன்னா வேற யாராவது அடிக்கணும்ல? மத்தவங்க எல்லாம் எங்க?” என்று கேட்டார்.

“அந்த மத்தவங்களைத்தான் தம்பி இவங்க வாங்கவே இல்ல” என்றேன்.

பேஸ்பாலை முதல்முறை பார்க்கிறவருக்கே புரிந்துவிட்டது. 2023-இல் நோலன் ஆரெனாடோ தொடர்ந்து பத்து வருடம் தன்னிடமே வைத்திருந்த கோல்ட் க்ளவ் (சிறந்த தடுப்பாட்ட) விருதை வாங்கிக் காட்டியவர் ஹேய்ஸ். முதுகு வலியால் பேட்டிங் போய்விட்டது. வருடத்துக்கு ஒன்பது மில்லியனுக்கும் குறைவான சராசரியில், இந்த அளவு தடுப்பாட்டம் ஆடும் ஒருவர் நல்ல அணியில் ஒன்பதாவது இடத்தில் அடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். இங்கே அவர்தான் அணியின் தூண் என்று சொல்லி நிறுத்தினார்கள். குருவி தலையில் பனங்காய். ஜூலை கடைசியில் சின்சினாட்டிக்கு ட்ரேட் செய்துவிட்டார்கள்.

ஒரு வீரரின் சம்பளத்தைச் சொல்லி அவரைத் திட்டுவதை நான் இதனால்தான் ஏற்பதில்லை. காண்ட்ராக்ட்டை எழுதியவர் அவர் இல்லை. அவருக்கு இரண்டு பக்கமும் யார் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தவரும் அவர் இல்லை. பணத்துக்கேற்ற ஆட்டம் வேண்டும் என்று கேட்க ரசிகனுக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் ஓனரின் அறை. 2025-இல் ஸ்டேடியத்தில் அணியை விற்றுவிடு என்று எழுந்த முழக்கம் ஹேய்ஸைப் பார்த்துப் போட்ட கூச்சலைவிட ஆயிரம் மடங்கு நியாயமானது.

பைரேட்ஸ் ஆடும் பிஎன்சி பார்க்கின் கதையும் இதோடு ஒட்டியதுதான். 1997-இல் ஸ்டேடியங்கள் கட்ட விற்பனை வரியை உயர்த்தலாமா என்று 11 கவுண்டிகளில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பதினொன்றிலும் மக்கள் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகும் வேறு வழியில் பொதுப் பணத்தைத் திரட்டி, 2001-இல் ஸ்டேடியத்தைத் திறந்தார்கள். புது ஸ்டேடியம் வந்தால் வருமானம் கூடும், வருமானம் கூடினால் அணி போட்டியில் நிற்கும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அலெகெனி ஆற்றங்கரையில், கிளமென்டே பாலத்துக்கு எதிரே, நாட்டிலேயே அழகான பேஸ்பால் மைதானம் என்று பலரும் சொல்லும் இடம். முதல் சீசனில் அணி தோற்ற ஆட்டங்கள் சரியாக 100. 1993-இல் தொடங்கித் தொடர்ந்து இருபது சீசன் தோல்விக் கணக்கிலேயே முடிந்தது. எந்தப் பெரிய அமெரிக்க விளையாட்டிலும் வேறு எந்த அணிக்கும் இந்த அவப்பெயர் இல்லை.

2013 அக்டோபர் 1-இல் இங்கே நடந்த ப்ளேஆஃப் ஆட்டத்தை மறக்கவே முடியாது. சின்சினாட்டியின் பிட்சர் ஜானி குவேட்டோவைப் பார்த்து மொத்த ஸ்டேடியமும் அவர் பெயரை இழுத்து இழுத்துக் கத்த, அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை எங்கள் ரஸல் மார்ட்டின் ஹோம் ரன்னுக்கு அனுப்பினார். இந்த ஊருக்கு பேஸ்பால் மேல் ஆசை இல்லை என்று சொல்பவர்கள் அந்த ஒலிப்பதிவை ஒருமுறை கேட்க வேண்டும். 2013, 2014, 2015 என்று மூன்று வருடம் ப்ளேஆஃப். அந்த அணியின் மேல் இன்னும் கொஞ்சம் பணம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாமலே போய்விட்டது. 2018 ஜனவரியில் ஆண்ட்ரூ மக்கச்சனையும் கெரிட் கோலையும் அடுத்தடுத்து அனுப்பினார்கள். அதே வருடம் ஜூலையில் கிறிஸ் ஆர்ச்சருக்காக டைலர் கிளாஸ்னோவையும் ஆஸ்டின் மெடோஸையும், பிறகு ஷேன் பாஸையும் டம்பாவுக்குக் கொடுத்தார்கள். அதே கிளாஸ்னோதான் 2025 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டாவது மூன்றாவது பேஸில் ஆள் நிற்க, அவுட்டே இல்லாத நிலையில் வந்து, மூன்றே பந்தில் டாட்ஜர்ஸுக்கு ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார்.

சிறிய ஊர், அதனால் முடியாது என்ற வாதத்தை பிட்ஸ்பர்க்கில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்லக்கூடாது. இங்கே மூன்று அணிகளும் கறுப்பும் தங்கமும்தான் உடுத்துகின்றன. ஃபுட்பாலில் ஸ்டீலர்ஸ் 2006-லும் 2009-லும் சூப்பர் போல் ஜெயித்தது. ஐஸ் ஹாக்கியில் பெங்குவின்ஸ் 2009, 2016, 2017 என்று மூன்று ஸ்டான்லி கோப்பை. 2005-இல் வந்த சிட்னி க்ராஸ்பி இன்னமும் இதே ஊரில்தான் ஆடுகிறார். அந்த இரண்டு லீகிலும் சம்பளத்துக்கு மேல் வரம்பு உண்டு, கீழ் வரம்பும் உண்டு. பணக்கார ஓனர் அளவுக்கு மீறிக் கொட்ட முடியாது, கஞ்ச ஓனர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியாது. பேஸ்பாலில் இரண்டும் இல்லை. 2025-இல் டாட்ஜர்ஸ் கட்டிய லக்சுரி டாக்ஸ் சுமார் 169 மில்லியன். சீசன் தொடக்கத்தில் பைரேட்ஸின் மொத்தச் சம்பளப் பட்டியல் சுமார் 90 மில்லியன். எங்கள் அணி முழுவதற்கும் ஆகும் செலவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கை அவர்கள் அபராதமாகவே கட்டுகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு மேல் வரம்பு மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று ஓனர்கள் பேசுவதை நான் நம்பவில்லை. அணிகள் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டு, முப்பது அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. அதில் சிறிய அணிகளுக்கு லாபம்தான். அந்தப் பணத்தை ஆட்டத்தில் போடவில்லை என்று 2018-இல் வீரர்கள் சங்கம் நான்கு அணிகள் மீது புகார் கொடுத்தது, அதில் ஒன்று பைரேட்ஸ். டாட்ஜர்ஸின் கையைக் கட்டிப்போட்டால் மட்டும் எங்கள் ஓனர் பாப் நட்டிங்கின் கை தானாகத் திறந்துவிடாது. 2022-இல் போட்ட தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைக்கும்தான். கீழ் வரம்பைப் பற்றிப் பேசாமல் எந்தத் திட்டத்தை நீட்டினாலும் வீரர்கள் பக்கம்தான் நான் நிற்பேன்.

2026 சீசனுக்கு முந்தைய குளிர்காலத்தில் கொஞ்சம் அசைவு தெரிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரையன் ஓஹர்னை 2 வருடம் 29 மில்லியனுக்கு எடுத்திருக்கிறார்கள். ட்ரேடில் பிராண்டன் லோவைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இருவரும் அடிக்கத் தெரிந்தவர்கள், ஸ்கீன்ஸுக்கு இரண்டு ரன்னாவது கூடுதலாகக் கிடைக்கும். மனம்விட்டுச் சந்தோஷப்படுகிறேன். ஆனால் கையெழுத்துப் போட்டபோது ஓஹர்னுக்கு வயது 32. முதல் இரண்டு மாதம் அவர் .210 அடித்தால் என்ன நடக்கும் என்பதில்தான் என் கவலை எல்லாம். பின்வரிசைக்காரர் 29 மில்லியன் என்று கத்தத் தொடங்குவார். ஓனரின் அறையில் யாராவது லிரியானோவை நினைவுபடுத்துவார்கள்.

ஸ்கீன்ஸ் 2029 சீசன் முடியும் வரை எங்களோடு இருப்பார். அவரை மே மாதம் வரை கீழ்நிலையான மைனர் லீகில் வைத்திருந்துவிட்டு 2024-இல் கூட்டிவந்தார்கள். ஆனாலும் புதுமுக விருதை வென்றதால், விதிப்படி, ஃப்ரீ ஏஜென்ட் ஆவதற்குத் தேவையான சேவைக் கணக்கில் அந்த வருடம் அவருக்கு முழு வருடமாகவே சேர்ந்தது. இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் பிடித்து வைத்திருந்திருப்பார்கள். கோல் இங்கிருந்து போன பிறகு நியூயார்க் யாங்கீஸ் அவருக்குக் கொடுத்தது 324 மில்லியன். ஸ்கீன்ஸுக்கு அதற்கு மேல் ஆகும், அதை இந்த நிர்வாகம் கொடுக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருக்கவில்லை. இருக்கும் நான்கு சீசனுக்கு நான் கேட்பது அதைவிட எளிய விஷயம். ஓஹர்ன் சரியாக ஆடவில்லை என்றால் ஜூலையில் வேறு ஒருவரை வாங்குங்கள். அவரும் சரிப்படவில்லை என்றால் அடுத்த டிசம்பரில் இன்னொருவருக்குக் கையெழுத்துப் போடுங்கள்.